மாசி வீதியின் இடப்பக்கம்

தில்ஷாத்தின் பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அது போகிற இடத்துக்குப் போக வேண்டும், அது நின்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான், இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெற்கு வெளி வீதியில் பாதிக் கடைகள் இன்னும் ஷட்டரைத் தூக்கவில்லை, பஸ்கூட ஒன்றிரண்டுதான் போகிறது. எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. அவள் மட்கார்டில் ஒட்டியிருக்கிற சிவப்பு வில்லை தெரிகிறது, பச்சைத் துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி முடிந்திருப்பது தெரிகிறது, முடிச்சிலிருந்து தொங்குகிற ஒற்றை நூல்கூடத் தெரிகிறது. இவ்வளவு தெரிகிற ஒருத்திக்குக் கண்ணில் கோளாறு என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. சென்னையில் அந்த டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அவர் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவுல கடைசி வரைக்கும் நல்லாத் தெரியும்மா, அதான் இந்த நோயோட சூது, ஓரத்துல இருந்து அரிச்சுக்கிட்டு வரும், இடது பக்கம் ரொம்பப் போயிருச்சு, போனது திரும்ப வராது, இருக்கறதைத்தான் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தணும், இனிமே வண்டி ஓட்டாதீங்க என்றார். சரிங்க டாக்டர் என்றேன். என்ன ஒரு பணிவு! படி இறங்கி வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே தேனுவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பிள்ளை கேட்டில் நிற்கும், நான் போகாமல் வேறு யார் போவது. அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையும் போனேன். இன்று ராத்திரி ரயில் ஏறினால் நாளைக்குத் திங்கட்கிழமை, மறுபடியும் பள்ளிக்கூடம், மறுபடியும் ஸ்கூட்டர், பின்னால் என் பிள்ளை.

"நாச்சி, வர்றியாடி?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. வர்றேன் வர்றேன் என்று கத்தினேன். தில்ஷாத் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அவள் கூப்பிட்டால் ஒரு மைதானமே திரும்பிப் பார்க்கும். நேற்று அவள் வீட்டுக்குள் நான் கால் வைத்ததுமே, நாளைக்குச் சைக்கிள்லதான் ஊர் சுத்துறோம் என்று சொல்லிவிட்டாள், கேட்கக்கூட இல்லை. தன் மகளின் ரோஸ் நிறச் சைக்கிளை எனக்குத் துடைத்து வைத்திருந்தாள், முன்னால் கூடை வைத்தது. வெளி வீதி ஒரு சுத்து, மாசி வீதி ஒரு சுத்து, ஆவணி மூல வீதி ஒரு சுத்து, உள்ள போகப் போகச் சின்னதாயிட்டே போகும்டி, கடைசியில சித்திரை வீதியில வண்டிய விட மாட்டாய்ங்க, நடந்து போவோம் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினாள். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஊரை இப்படித்தான் வரைவார்கள் போல. சின்னதாகிக்கொண்டே போகும் என்று அவள் சொன்னபோது நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். காலில் சுளுக்கு என்றிருக்கலாம். ஆனால் வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டி வரும், சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சைக்கிளே மேல் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பேய்க்குப் பயந்து பிசாசிடம் போனவள் நான்தான்.

எனக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். திருச்சி ஹாஸ்டலில், மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில். காரைக்குடியில் எங்கள் வீட்டில் பெண் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று விட்டுவிட்டார்கள், அதனால் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். பக்கத்துல பாக்காதடி, எங்க பாக்குறியோ அங்கதான் போய் விழுவ, நேரா பாரு, என் பின் வீல மட்டும் பாரு. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். சைக்கிளுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும். ஸ்கூட்டர் ஓட்டும்போது நேரே பார்ப்பேன், கடைத்தெருவில் நேரே பார்ப்பேன், என்னைப் போல நிதானமாக ஓட்டுகிறவள் தெருவிலேயே இல்லை என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. பக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போனபோது நான் கவலையே படவில்லை, நான்தான் பக்கத்தில் பார்க்கிறவளே இல்லையே. தோளில் கதவு நிலை இடித்துக் கன்றிப் போகும், எப்போதும் இடது தோள்தான். கண்ணு பொடனியிலயா இருக்கு என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவேன், ரசத்தைத் தட்டிவிடுவேன், கைராசிக்காரி என்று பேர் வேறு. இருட்டாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே பயந்திருப்பேனே. இருட்டே கிடையாது. கறுப்பாக ஒரு மறைப்பு இருந்தால் மறைப்பு இருக்கிறது என்றாவது தெரியும். இதில் தெரு முழுசாக இருக்கிற மாதிரியே இருக்கிறது, ஆள்தான் இல்லை. பிறகு திடீரென்று ஆள் இருக்கிறான், கைக்கெட்டுகிற தூரத்தில், எங்கிருந்தும் வராமல் வந்து நிற்கிறான்.

இப்போது மேல வெளி வீதி, ரயில் நிலையம் பக்கம். பெட்டியும் படுக்கையுமாக ஆட்கள் சாலையைக் கடக்கிறார்கள். ஆட்டோவே இல்லாத இடத்தில் ஒரு ஆட்டோ. நான் பிரேக்கைப் பிடிக்க, "ஏம்மா, பாத்து வாம்மா, காலங்காத்தால!" என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போகிறார். பார்த்துத்தான் வருகிறேன் ஐயா, பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றுமே செய்யவில்லை. தில்ஷாத் திரும்பிப் பார்த்தாள், நான் பல்லைக் காட்டினேன். வலது பக்கம் எங்கேயோ உள்ளே கோயில் இருக்கிறது, கோபுரம் கட்டடங்களுக்கு மேலே தலையை நீட்டி நீட்டி மறைகிறது, கோயிலை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றுகிறோம், நல்லதுதான். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. மிஷினை நினைக்கக் கூடாது. ஆனால் நினைக்கக் கூடாது என்றால் அதுதான் வந்து நிற்கும். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷினுக்குள் மோவாயை வைக்கச் சொன்னார்கள், நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்காவது வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். முதலில் மினுக் மினுக் என்று வந்தது, அமுக்கினேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் மட்டும் உள்ளே டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போது புரிந்தது, வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை. சத்தத்தை வைத்துத் தாளம் போட்டு அமுக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிட் எடுத்தவள் இல்லை நான், கண் பரிசோதனையில் காப்பியடித்தேன். மிஷினை இயக்கிய பெண் இருட்டிலிருந்து, "மேடம், லைட் வந்தா மட்டும் அமுக்குங்க, சும்மா அமுக்குனா மிஷினுக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். திட்டவில்லை, ரொம்ப இரக்கமாகச் சொன்னாள். எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் போல. அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுல யாருக்காவது இருக்கா என்று டாக்டரம்மா கேட்டார், இல்லை என்று சொன்னேன். அவ்வளவு சட்டென்று வாயில் வந்தது. என்னைப் பெற்ற அப்பச்சி கடைசி நாட்களில் தட்டின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். நான் ஊருக்குப் போனால் வாசலில் நின்று கொஞ்ச நேரம் அவரைப் பார்ப்பேன், பத்தடி தள்ளி, அவருக்கு நேரே இல்லாமல். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. யாரது என்றுகூடக் கேட்க மாட்டார். வயசானால் பார்வை மங்காதா என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம், ஒருத்தரும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. டாக்டரிடம் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்தது பிள்ளைக்குப் பாக்கணும் என்பார். பிள்ளைக்கு ஏழு வயசு. அப்பச்சியின் மூக்கு, அப்பச்சியின் காது. வேண்டாம், அதற்குமேல் போக வேண்டாம், பின்சக்கரம், பின்சக்கரம். பள்ளம். தாண்டிவிட்டேன்.

வடக்கு, கிழக்கு என்று வெளி வீதியைச் சுற்றி முடித்து மாசி வீதிக்குள் நுழைந்தோம். தெரு குறுகிவிட்டது, ஆட்கள் அதிகம். தேனு இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அம்மா, லெஃப்ட்ல மாடு. அம்மா, லெஃப்ட்ல ஐஸ்காரர். அம்மா, லெஃப்ட்ல ரெண்டு அக்கா. வண்டியில் ஏறியதும் ஆரம்பிப்பாள், பள்ளிக்கூடம் வரைக்கும் வாய் ஓயாது. எப்போது ஆரம்பித்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. போன வருஷமெல்லாம் என் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள், விழுந்துவிடக் கூடாது என்று துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவேன். இந்த வருஷம் தூங்குவதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறாள், வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். நானும், அப்படியா, மாடு என்ன கலரு என்று கேட்பேன். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸுக்காக அவளைத் திட்டினேன், பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது, அவள் கோபத்தில் வாயே திறக்கவில்லை. பால் பூத் முக்கில் ஒரு பெரியவர், சட்டை மடிப்பு என் ஸ்கூட்டர் கண்ணாடியில் உரச, பின்வாங்கித் தடுமாறி நின்றார். அப்போதும் அவர் வந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது, அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. பின்னாலிருந்து தேனு அழுதாள். ஸாரிம்மா, நான் சொல்லல, ஸாரிம்மா என்றாள். பிள்ளை எதற்கு மன்னிப்புக் கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு ராத்திரியே தில்ஷாத்துக்குப் போன் போட்டு, சும்மாதான்டி, உன்னைப் பார்க்கணும் போல இருக்கு, வரட்டுமா என்றேன்.

மேல மாசி வீதி முக்கில் தில்ஷாத் காலை ஊன்றி நின்றாள். தள்ளுவண்டியில் ஒருவர் பருத்திப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார், சுக்கும் கருப்பட்டியும் மணத்தது. "ரெண்டு குடுங்கண்ணே" என்றாள். நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பலகையில் சின்ன எழுத்தில் இருந்த போன் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது, அதைப் படித்துப் படித்து எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். "இந்தா" என்று இடது காதுக்குப் பக்கத்தில் தில்ஷாத்தின் குரல் கேட்டது. திரும்பினால் டம்ளர் என் மூக்குக்கு நேரே இருந்தது, அவள் கையில் ஒரு டம்ளர், எனக்கு நீட்டினது ஒன்று. வாங்கினேன். "சூடா இருக்கு, கை சுட்டுருச்சு" என்றாள், விரல்களை ஊதிக்கொண்டே. எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தால் கை சுடும்?

"என்னடி யோசனை?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி ரயிலு, அதான்."

"நேத்து பஸ் ஸ்டாண்டுல நான் உன் பக்கத்துல வந்து கையாட்டுனேன். நீ பாட்டுக்குப் போன் பண்ணிக்கிட்டு நின்ன."

"கூட்டம்டி. கவனிக்கல."

"ம்" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. இவள் கேட்காமல் விட்டால்தான் எனக்குப் பயம். ஹாஸ்டலில் எனக்குக் காய்ச்சல் என்றால் நான் சொல்வதற்கு முன்னால் வார்டனிடம் போய் நிற்பவள். பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்தே யாருக்குக் காலில் வலி என்று சொல்லிவிடுவேன் என்று நேற்றுதான் பீற்றிக்கொண்டாள். காசு கொடுத்துவிட்டு ஏறினோம். சும்மா ஏதாவது பேசேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் முன்னால் மிதித்தாள், அவள் சைக்கிளின் செயின் கவர் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, காலையில் இருந்தே அந்தச் சத்தம்தான் எனக்கு வழிகாட்டி.

வடக்கு மாசி வீதியில் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், ஒரு மினி லாரி வலது பக்கச் சந்திலிருந்து மூக்கை நீட்டியது. ஒரு கணம்தான் அதைப் பார்த்தேன். அது நின்றது, நான் கடந்தேன், மறுபடி நேரே பார்த்தால் பின்சக்கரம் இல்லை. சிவப்பு வில்லை இல்லை, பச்சைத் துப்பட்டா இல்லை. தெரு மட்டும் இருக்கிறது. காய்கறிப் பை தூக்கிக்கொண்டு ஒருவர், கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற ஒருத்தி, தூரத்தில் ஒரு சைக்கிள், அது அவள் இல்லை. வேகமாகப் போய்விட்டாளா? மிதித்தேன். நின்றுவிட்டாளா? திரும்பிப் பார்க்கலாம், ஆனால் தலை திரும்பினால் வண்டியும் திரும்பும், எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் விழுவாய். லாரி. லாரியில் அவள்? சத்தம் கேட்டிருக்குமே, ஆட்கள் ஓடியிருப்பார்களே. கடகட சத்தம் மட்டும் காதில் நிற்காமல் கேட்டது, இந்த ரோஸ் சைக்கிளும் ஆடுகிறது போல, எல்லாம் பழைய இரும்பு. நான் எந்தத் தெருவில் இருக்கிறேன், வடக்கு மாசிதானா, அவள் வீடு இருக்கிற காஜிமார் தெருவுக்கு எப்படிப் போவது, யாரைக் கேட்பது, போன் அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பாழாய்ப் போனவள், சொல்லாமல் எங்கே போனாள்? இப்படித்தான் இருக்கும் போல, ஒவ்வொருத்தராக இல்லாமல் போவார்கள், முதலில் தெருவில் போகிறவர்கள், பிறகு சிநேகிதி, பிறகு அவர், பிறகு தேனு, தட்டின் விளிம்பு மட்டும் மிச்சம் இருக்கும். "தில்ஷாத்!" என்று கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "தில்ஷாத்! எங்கடி இருக்க? தில்ஷாத்!" அழுகை வந்துவிட்டது, காலை ஊன்றி நின்றுவிட்டேன்.

"இங்கதான்டி இருக்கேன்."

காதுக்குப் பக்கத்தில். கடகட சத்தம் நின்றது. இடது பக்கம் தலையை முழுசாகத் திருப்பினேன். அவள் இருந்தாள், கைக்கெட்டுகிற தூரத்தில், அந்தத் தூரம்கூட இல்லை, வலது கையை என் தோளைத் தொடுகிற மாதிரி நீட்டிக்கொண்டு. முகம் வெளிறியிருந்தது.

"லாரி முக்குல இருந்து உன் பக்கத்துலதான்டி வர்றேன். கையை நீட்டிக்கிட்டே வர்றேன். உன் மூஞ்சிக்குப் பக்கத்துலயே ஆட்டுனேன்டி நாச்சி." அவள் குரல் நடுங்கியது. மைதானத்தையே அதட்டுகிற குரல். "எம்புட்டு நாளா?"

சொல்லிவிட்டேன். சாக்கடை ஓரமாக நின்று, சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல். டாக்டரம்மா, மிஷின், தாளம் போட்டு அமுக்கினது, அப்பச்சி, இல்லை என்று சொன்ன பொய், வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவர், எல்லாம். முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ளையைப் பின்னாடி வெச்சுக்கிட்டா ஓட்டுன?"

"ஆமா."

தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவில்லை. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து என் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்று போனை நீட்டினாள். "பேசு. இப்பவே பேசு. நாளைக்கு இங்க கண் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன், ரயில் கிடையாது உனக்கு. முதல்ல இதைப் பேசு."

அவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். என்னம்மா, ஊர் சுத்தியாச்சா என்றார். கண் என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். "என்னங்க, ஸ்கூட்டர் சாவி டிவி பக்கத்துல மாட்டியிருக்கு. எடுத்து எங்கயாவது ஒளிச்சு வெச்சிருங்க. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. அழுது கேட்டாலும் குடுக்காதீங்க."

"ஏய், என்னாச்சு? விழுந்துட்டியா?"

"விழல. சொல்றேன், எல்லாம் சொல்றேன். தேனுவை நாளையிலேருந்து ஸ்கூல் வேன்ல அனுப்புங்க. டிரைவர் நம்பர் பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் அவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது. என்னம்மா சொல்ற, நாச்சி, என்னம்மா என்றார். அதற்குள் போனை யாரோ பிடுங்கினார்கள். தேனுதான், எழுந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவள் மூச்சு முதலில் கேட்டது.

"அம்மா, இனிமே வேன்லயா?"

"ஆமாடா செல்லம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்ப நான் தூங்கிட்டே போலாமாம்மா?" என்று கேட்டாள்.